முதலில் வாய்க்கால், பிறகு பாத்தி

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர்ப் பக்கம் காய்கறி போட ஒரு துண்டு நிலம் கிடைத்தால், முதலில் பிரிவது விதைப் பொட்டலம். கேரள அரசின் 'ஓணத்துக்கு ஒரு முறம் பச்சைக்கறி' திட்டத்தில் கிருஷிபவன் என்னும் வேளாண் அலுவலகம் விதையும் தருகிறது; பிரித்த கை சும்மா இருக்குமா? அன்றைக்கே பாத்தி, மறுநாளே விதை. தண்ணீர் எந்த வழியாகக் கடைசிப் பாத்திக்குப் போகும் என்ற கேள்வி பங்குனியில்தான் எழுகிறது. அதற்குள் வரப்பு இறுகிவிடும்.

கேரளத்தின் மகளிர் அமைப்பான குடும்பஸ்ரீயில் நான்கு முதல் பத்துப் பெண்கள் வரை குழுவாகச் சேர்ந்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறார்கள். இப்படிச் சேர்ந்து எடுத்த நிலத்தைப் பங்கு போடுவதென்றால் எளிய வழி கயிறு பிடிப்பது: ஆளுக்கு ஐந்து சென்ட். காகிதத்தில் நியாயம்தான். ஆனால் கிணற்றடி ஐந்து சென்ட்டும் கடைக்கோடி ஐந்து சென்ட்டும் ஒன்றா?

கடைமடையின் அருமையைச் சித்தூர்க்காரருக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். 1970இல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி எல்லையிலுள்ள மணக்கடவில் தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும். அது எப்போது வரும், எவ்வளவு வரும் என்பதை வைத்தே இங்கே வெள்ளாமைப் பேச்சு நடக்கும். ஆற்றுக்கு இவ்வளவு கணக்குப் பார்க்கிறவர்கள் தோட்டத்துக்குள் அதை மறந்துவிடுவதுதான் வேடிக்கை.

தண்ணீர்த் தொட்டி மேட்டு மூலையில் இருக்கட்டும். வாய்க்கால் நிலத்தின் நடுவே ஓடட்டும். இருபுறமும் குட்டைப் பாத்திகள், நாலடி அகலத்துக்கு மேல் வேண்டாம். வரப்பில் குந்தி உட்கார்ந்து கை நீட்டினால் நடுப்பாத்திக் களை எட்ட வேண்டும். தினமும் தண்ணீர் கேட்கும் கீரை வாய்மடையில். கொத்தவரை, மொச்சை கடைசியில். சித்தூர் வட்டத்தில் கரிசல் உண்டு. வெயிலில் விரல் நுழையுமளவு வெடிக்கும், மழையில் காலைப் பிடித்துக்கொள்ளும். அங்கே மேட்டுப்பாத்திதான் சரி.

அடுத்தது நிழல். உயரச் செடியை வடக்கே வை என்கின்றன ஐரோப்பியத் தோட்டப் புத்தகங்கள். அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கே. சித்தூரிலோ சித்திரை முதல் வாரத்தில் சூரியன் உச்சியைத் தாண்டி வடக்கே போய், ஆவணி இரண்டாம் வாரத்தில்தான் திரும்புகிறது. அந்த நான்கு மாதமும் நண்பகல் நிழல் தெற்கே விழும். பாகல், புடலைக் கொடிகளைக் கிழக்கு மேற்காக ஏற்றினால் வைகாசி வெயிலில் அவற்றின் தென்புறம் கொத்தமல்லி பிழைக்கும். கார்த்திகையில் நிழல் வடபுறத்துக்கு மாறிவிடும்.

காற்றுக்கும் திசை உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும். மார்கழி, தையில் கிழக்கிலிருந்து வறண்டு வரும். கிழக்கு மேற்காக நிற்கும் கொடியை இரண்டுமே பக்கவாட்டில் உரசிப் போகும். மேற்கு வேலியில் அகத்தி நட்டால் ஆடிக்காற்றும் தணியும், மாலை வெயிலும் குறையும், ஆட்டுக்குத் தழையும் ஆயிற்று. வாழையை அந்த ஓரத்தில் வைப்பவர் ஆடிக்குள் முட்டுக்கம்பு தேடுவார்.

மறுபடி பங்கு போடும் பேச்சுக்கு வருவோம். பிரிட்டனில் ஊராட்சிகள் வாடகைக்கு விடும் தோட்டத் துண்டின் பழைய அளவு சுமார் 250 சதுர மீட்டர், ஆறு சென்ட்டுக்குச் சற்று மேல். மழை பார்த்துக்கொள்ளும் ஊரில் அப்படி அளந்து கொடுத்தால் போதும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை குறைந்துபோகும் கிழக்குச் சித்தூரில், கிணற்றடித் துண்டு நான்கு சென்ட், கடைக்கோடித் துண்டு ஆறு சென்ட் என்று பிரிக்கலாம். அல்லது ஆண்டுக்கொருமுறை துண்டு மாற்றிக்கொள்ளலாம். எப்படியானாலும், குத்தகைப் பணம் கைமாறும் முன் ஒருநாள் மோட்டாரைப் போட்டு, தண்ணீர் கடைசி மூலையைத் தொட எவ்வளவு நேரமாகிறது என்று எல்லோருமாக நின்று பார்த்துவிட்டு, அதற்கப்புறம் முளைக்குச்சி அடிக்கட்டும்.