ஊமத்தம்புகை

மே மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை உலக ஆஸ்துமா தினம். எங்கள் குடியிருப்பில் அதைத் தக்க முறையில் கொண்டாடினார்கள்: சாயங்காலம் கொசுமருந்துப் புகை அடித்தார்கள். மூன்றாம் மாடி வரை டீசல் வாடை. இளைப்புக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்த அதே நேரத்தில், குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வந்து விழுந்தது. நெஞ்சு இறுக்கமா, பயப்படாதீர்கள், வாயுதான், ஓமவாட்டர் போதும். அதற்குக் கட்டைவிரல் தூக்கியவர்கள் எல்லோரும் படித்தவர்கள்.

எனக்கும் வாயுவுக்கும் பழைய பகை. விலா எலும்புக்குப் பின்னால் எது நடந்தாலும் நம் ஊரில் பழி வாயுவின் தலையில்தான். ஆனால் ஆஸ்துமாக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. எந்த இறுக்கம் வந்தாலும் "வீசிங்தான்" என்று தாங்களே தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

வீசிங்காக இருந்தால் உள்ளே நடப்பது இதுதான்: மூச்சுக்குழாயைச் சுற்றிய தசை சுருங்குகிறது, உட்சுவர் வீங்குகிறது, சளி அடைக்கிறது. போன காற்று முழுதாக வெளியே வராமல் தேங்கிவிட, ஏற்கெனவே உப்பிய நுரையீரலுக்குள் அடுத்த மூச்சை இழுக்கப் பார்க்கிறோம். ஜலதோஷம், மெத்தைத் தூசி, கரப்பான் எச்சம், ஊதுவத்தி, மிளகாய் நெடி என்று கிளப்பிவிடுபவை ஏராளம். சிலருக்கு ஆஸ்பிரின் வகை வலிமாத்திரையே போதும். கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலால் சொட்டுமருந்துகூட மூக்கு வழியே இறங்கி ரத்தத்தில் கலந்து மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும்.

ஆஸ்துமா உள்ளவருக்கே ஆஸ்துமா அல்லாத காரணமும் இருக்கலாம். இரைப்பை அமிலம் மேலேறினால் நெஞ்சு இறுகும். வாயுக் கட்சிக்கு அரை மதிப்பெண் தந்தேன். பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு விட்டாலும், ராத்திரியெல்லாம் இருமி விலாத்தசை நொந்தாலும் இறுகும். கைக்கோ தாடைக்கோ பரவுகிற வலி, குப்பென்ற வியர்வை, பஃப் அடித்தும் அடங்காத இறுக்கம் என்றால் காரணத்தை ஆராயாமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பவேண்டும். இருதயமாகவும் இருக்கலாம்.

பட்டியலை இன்னும் நீட்டத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தக் கொசுமருந்துப் புகையை நினைத்ததும் மனசு ஜேம்ஸ் ஆண்டர்சனிடம் ஓடிவிட்டது. சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டம் போட்டுச் சாயப்பூச்சி வளர்க்கப் பார்த்த கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் அவர். நம்மூரில் இளைப்புக்கு ஊமத்தையைப் புகைப்பதைப் பார்த்து அதை ஜெனரல் ஜென்ட் என்ற ராணுவக்காரருக்குச் சொன்னார். 1802 வாக்கில் ஜென்ட் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அப்புறம் என்ன, ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஐரோப்பிய மருந்துக்கடைகளில் ஊமத்தை சிகரெட் விற்றது. பாரிசில் மார்செல் ப்ரூஸ்ட், சத்தம் வராமலிருக்கச் சுவரெல்லாம் கார்க் பதித்த படுக்கையறையில், இந்த மாதிரிப் பொடிகளைக் கொளுத்திப் புகை பிடித்தபடி தன் பெரிய நாவலை எழுதினார்.

இதில் மூடநம்பிக்கை எதுவும் இல்லை. ஊமத்தையிலுள்ள அட்ரோபின், மூச்சுக்குழாய்த் தசைக்கு "சுருங்கு" என்று நரம்பு அனுப்பும் உத்தரவை மறித்துவிடும். இன்று நெபுலைசரில் வைக்கும் இப்ராட்ரோப்பியம் அட்ரோபினிலிருந்து பிறந்ததுதான். (யாரும் வேலியோரம் போய்ப் பறித்துவிடாதீர்கள். அளவு சற்றுக் கூடினாலும் புத்தி பேதலிக்கும், உயிரும் போகும்.)

நான் யோசிப்பது வேறு. அந்தப் புகை தசையைத் தளர்த்தியது. உள்சுவர் வீக்கத்தைத் தொடவில்லை. போதாததற்குப் புகை தன் பங்குக்கு உள்ளே உறுத்தியும் வைத்தது. ஆனாலும் நெஞ்சு லேசாயிற்றே! அந்த லேசை நம்பித்தான் இத்தனை தலைமுறை இழுத்தது. ஓமவாட்டர் குடித்து ஏப்பம் வந்தவர் வாயு என்று முடிவுகட்டுவதும் இதே தர்க்கம்தான்.

பஃப் வைத்திருப்பவர்கள் சிரிக்கவேண்டாம். 1969இல் வந்த சால்பியூட்டமால் அருமையான மருந்து. சில நிமிடத்தில் மூச்சை மீட்டுத் தரும். அதுவும் தசையைத்தான் தளர்த்துகிறது. வீக்கத்தைக் குறைப்பது ஸ்டீராய்டு பஃப். ஆஸ்துமா தினத்தை நடத்துகிற ஜினா அமைப்பே 2019இல், பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்பியூட்டமாலை மட்டும் தனியாகக் கொடுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டது. நம் வீடுகளிலோ ஸ்டீராய்டு பஃப் "பழகிடும்" என்ற பயத்தில் பெட்டி பிரிக்காமல் அலமாரியில் தூங்குகிறது. சட்டைப்பைக்குள் இருப்பது உடனடி பஃப் மட்டும். அது மாதத்துக்கு ஒன்று தீர்கிறதென்றால், மருந்துக்கடைக்காரரைத் தவிர வேறு யாருக்கும் நல்ல செய்தி இல்லை.