கங்கா கட்சியா, அம்மா கட்சியா?

ஒரு நாவலில் வருகிற பெண்ணின் பேரில் ஐம்பது வருஷத்துக்கு மேல் கோபம் வைத்திருக்க முடியுமா? முடியும், நேயர்களே! போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அம்பத்தூரில், இந்த இரண்டு கண்களாலும் பார்த்துவிட்டு வந்தேன்.

மாதத்துக்கு ஒரு புத்தகம் என்று வைத்துக்கொண்டு அங்கே பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடுகிறார்கள். ஆவடியிலிருந்து இருவர், திருமுல்லைவாயிலிலிருந்து ஒருவர், பூந்தமல்லியிலிருந்து பஸ் பிடித்து வருகிற புதுமணப் பெண் ஒருத்தி. மற்றவர்கள் அம்பத்தூர்வாசிகள். தலைவி, காரியதரிசி, சந்தா என்று ஒன்றும் கிடையாது. யார் வீட்டில் கூட்டமோ அவர் வீட்டு முறுக்கும் காபியும், அவ்வளவுதான் சட்டதிட்டம். அன்றைக்கு எடுத்துக்கொண்ட புத்தகம் ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. காபி ஆறிப்போய் இரண்டு தடவை சுடவைக்கப்பட்டது என்று சொன்னால், விவாதம் எந்த லட்சணத்தில் நடந்தது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இளைய நேயர்களுக்காகக் கொஞ்சம் பழங்கதை சொல்லிவிடுகிறேன். 1966-ல் 'ஆனந்த விகட'னில் ஜெயகாந்தன் 'அக்கினிப் பிரவேசம்' என்று ஒரு சிறுகதை எழுதினார். கொட்டுகிற மழையில் பஸ்ஸுக்கு நிற்கிறாள் ஒரு கல்லூரிப் பெண். பெரிய கார் ஒன்று வந்து நிற்கிறது. ஏறுகிறாள். கெடுக்கப்பட்டு வீட்டுக்குத் திரும்புகிறாள். விஷயம் தெரிந்த தாய் முதலில் அடிக்கிறாள், அலறுகிறாள். பிறகு பெண்ணை உட்காரவைத்துத் தலையில் தண்ணீரைக் கொட்டி, 'நீ சுத்தமாகிவிட்டாய்' என்று தேற்றி, யாரிடமும் மூச்சு விடாமல் அந்த விஷயத்தை அதோடு புதைத்துவிடுகிறாள்.

அவ்வளவுதான் கதை. தமிழ்நாட்டு வாசகர்கள் இரண்டு பட்டார்கள். தாய் என்றால் இவளல்லவா தாய் என்று கண்ணீர் விட்டது ஒரு கட்சி. ஒரு குடம் தண்ணீரில் போகிற சமாசாரமா இது என்று கொதித்தது மறு கட்சி. கடிதங்கள் பறந்தன. 'முடிவு இப்படி இருந்திருக்க வேண்டும்' என்று வேறு எழுத்தாளர்கள் தங்கள் முடிவுகளை எழுதிப் பார்த்தார்கள். ஜெயகாந்தன் என்ன செய்தார் தெரியுமோ? 'சரி, அந்தத் தாய் தண்ணீர் ஊற்றாமல் விட்டிருந்தால்?' என்று கேட்டுக்கொண்டு ஒரு நாவலையே எழுதிவிட்டார். 'தினமணி கதி'ரில் 'காலங்கள் மாறும்' என்ற தலைப்பில் தொடராக வந்து, இப்போதைய பெயரோடு 1970-ல் புத்தகமாயிற்று. 1972-ல் சாகித்திய அகாதமிப் பரிசு பெற்றது. 1977-ல் பீம்சிங் அதைச் சினிமாவாக எடுத்தார். கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது.

நாவலில் தாய் கத்திக் கூப்பாடு போட்டுவிடுகிறாள். ஊர் அறிந்துபோகிறது. அண்ணன் வீட்டைவிட்டு விரட்டுகிறான். தஞ்சாவூர் மாமா ஆதரவு கொடுத்துப் படிக்க வைக்கிறார். அந்த ஆதரவிலும் ஓர் அழுக்குப் பார்வை இருக்கிறது. வருஷங்கள் கழித்துக் கங்கா பெரிய உத்தியோகத்தில் இருக்கிறாள். தாயும் அவளுடன்தான். அப்போது ஒரு பத்திரிகையில் அவள் கண்ணில் படுகிறது, தன் கதையேபோல் ஒரு கதை. ஆனால் கதையில் வருகிற அம்மா தண்ணீர் ஊற்றுகிறாள்! இவள் அம்மா ஊற்றவில்லை. அந்தக் காரோட்டியைத் தேடிக் கண்டுபிடித்து, அவனோடு சிநேகமும் கொள்கிறாள் கங்கா.

இனி அம்பத்தூருக்கு வருவோம்.

கங்காவுக்கு எதிர்க்கட்சித் தலைவி, ஆவடியில் ராணுவத்துக்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாள். தையற்காரர் பேச்சு; வெட்டு ஒன்று, துண்டு இரண்டு.

"எந்நேரமும் பெத்தவளைக் குத்திக்கிட்டே இருக்கா. சோறு போடறா, சேலை எடுத்துத் தர்றா, ஒரு நல்ல வார்த்தை கிடையாது. கெடுத்தவன்கிட்ட மட்டும் சிரிச்சுப் பேசறா. கடைசியில குடிக்க வேற குடிக்கிறா. இவளுக்கு நான் எதுக்கும்மா அழணும்?"

மூன்று நான்கு தலைகள் ஆமோதித்து ஆடின. படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வந்த ஒருத்தர் மட்டும், "லட்சுமி முகம் நினைவுக்கு வருதே, கோபமே வரமாட்டேங்குது" என்றார். அது சாட்சியாக ஏற்றுக்கொள்ளப்படவில்லை.

நானும் ஒப்புக்கொள்கிறேன். கல்லூரியில் படித்தபோது இந்த நாவலைப் பாதியில் மூடி வைத்தவள் நான். கங்காவின் நாக்கு அப்படி! அவள் அம்மா கனகத்தைப் பார்த்தால் எங்கள் பெரியம்மாவைப் பார்க்கிற மாதிரி இருக்கும்; அவளைப் போய் இப்படிப் பேசலாமா என்று எனக்கு ஆற்றாமை. இப்போது திரும்பப் படிக்கையில்தான் ஒன்று தட்டுப்பட்டது. சிறுகதையில் அந்தப் பெண் வாயே திறப்பதில்லை என்று சொல்லலாம். அழுகிறாள், நடுங்குகிறாள், பேசுவதெல்லாம் அம்மா. நாம் எல்லோரும் அவளுக்காக உருகினோம். நாவலிலோ அவளே தன் கதையைச் சொல்கிறாள், பக்கம் பக்கமாக. பெண் அதே பெண்தான், மழையும் அதே மழைதான். வாயைத் திறந்தாள்; பாதிப் பேர் அவளை விட்டு எழுந்து போய்விட்டோம்.

அடிபட்டவள் நல்லவளாகவும் இருந்து, நன்றியோடும் இருந்து, நாம் தேற்றும்போது தேறியும் காட்ட வேண்டும் என்று யார் நமக்குச் சொல்லிக்கொடுத்தது? கங்கா தேறுவதில்லை. யாருக்கும் நன்றி சொல்வதுமில்லை. அதற்காக நாவலில் குறையே இல்லை என்று சாதிக்க வரவில்லை. அந்தப் பிரபு சுலபமாகத் தப்பித்துக்கொள்கிறான் என்பது என் கட்சி. அவனுக்கு மனம் திருந்த அவகாசம் கிடைக்கிறது. கங்காவுக்குக் கிடைப்பது பாட்டில். இதைச் சொன்னபோது மட்டும் இரண்டு கட்சியும் என்னோடு ஒத்துக்கொண்டன.

பூந்தமல்லிப் பெண் அதுவரை வாய் பேசவில்லை. திடீரென்று கேட்டாள்: "தண்ணி எதுக்கு ஊத்தணும்? அழுக்கு அவ மேலயா இருந்தது?"

நல்ல கேள்வி. 1966-ல் அந்தத் தண்ணீரே பெரிய புரட்சியாக இருந்தது. இன்றைக்கு ஒரு சின்னப் பெண்ணுக்கு அது அவமானமாகப் படுகிறது. திருமுல்லைவாயில் அம்மாள்தான் பதில் சொன்னார். "தண்ணி பொண்ணுக்கு இல்லேம்மா. அந்தத் தாய்க்கு. அவ மனசு ஆறணுமே, அதுக்கு."

அப்புறம் அந்த வீட்டு டீச்சரம்மா, எழுபதைத் தாண்டியவர், ஒரு விஷயம் சொன்னார். அந்தக் கதை வந்தபோது அவர் பள்ளிக்கூடத்துச் சிறுமி. பத்திரிகை வீட்டுக்கு வந்தால் முதலில் அம்மா படிப்பாள், பிறகுதான் பெண்கள். தொடர்கதைகளைப் பிரித்தெடுத்து பைண்டு செய்து வைப்பதும் அம்மாதான். அந்த வாரம் பத்திரிகை பெண்கள் கைக்கு வந்தபோது நடுவில் சில பக்கங்கள் இல்லை. கேட்டதற்கு, "அடுப்பு மூட்டக் கிழிச்சேன்" என்றாளாம். அம்மா காலமான பிறகு பீரோவை ஒழித்தபோது, கூறைப்புடவைக்கு அடியில் இருந்தன அந்தப் பக்கங்கள், மடித்து, பழுப்பேறி.

"எங்க கண்ணுல படக்கூடாதுன்னு ஒளிச்சாளா, தனக்குன்னு வெச்சுக்கிட்டாளா, தெரியலை" என்றார் டீச்சரம்மா. "அஞ்சு பெண்ணைப் பெத்தவ. கேட்டிருக்கலாம். கேக்கலை."

சற்று நேரம் யாரும் முறுக்கைத் தொடவில்லை. பிறகு டீச்சரம்மாவே எல்லோரையும் பார்த்து ஒரு கேள்வி போட்டார். "புஸ்தகத்தை விடுங்க. உங்க பொண்ணு ராத்திரி அப்படி வந்து கதவைத் தட்டினா, முதல்ல என்ன செய்வீங்க?"

'181-க்குப் போன் செய்வேன்' என்றார் ஒருவர். பெண்களுக்கான அந்த உதவி எண் இருப்பது நல்லதுதான், நேயர்கள் குறித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவேன் என்றார் ஒருவர். இன்னொருவர், "அவ அப்பாவுக்கு எப்படிச் சொல்றதுன்னுதான் முதல்ல தோணும்" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காகத் தலையைக் குனிந்துகொண்டார். உண்மையைச் சொன்னவர் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

சீருடை அம்மாள் கடைசியாக வாயைத் திறந்தார். "உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவேன். ஒரு வார்த்தை பேசமாட்டேன். என் வாய் எனக்குத் தெரியும். அந்த நேரத்துல எதையாவது சொல்லிட்டேன்னா, பிறகு எத்தனை சேலை எடுத்துக் கொடுத்தாலும் அந்தச் சொல்லு போகாது."

"அப்ப கங்காவோட அம்மா பண்ணினது தப்புதானே?" என்று மடக்கினாள் பூந்தமல்லிப் பெண்.

"தப்புதான். அதுக்காக இவ இப்படியா பேசறது?"

எல்லோரும் சிரித்துவிட்டோம். அவரும் சிரித்தார். கோபம் மட்டும் இறங்கவில்லை.

ஸ்டேஷன்வரை நாங்கள் இருவரும் சேர்ந்து நடந்தோம். அவருக்கு ஆவடி வண்டி, எனக்கு சென்ட்ரல் வண்டி. அவர் வண்டிதான் முதலில் வந்தது. ஏறுவதற்கு முன்னால் திரும்பி, "அந்தப் பொண்ணோட கதை இதோட முடிஞ்சுதா, இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

இருக்கிறது, 'கங்கை எங்கே போகிறாள்' என்று பெயர், லைப்ரரியில் கேட்டுப் பாருங்கள் என்றேன்.

"கேக்கறேன். அதுலயாவது உருப்படறாளான்னு பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டே பெண்கள் பெட்டியில் ஏறிக்கொண்டார். முடிவை நான் சொல்லவில்லை.