எந்த வழங்கியில் குடியேறுவது?

ருவிற்றரை இலோன் மஸ்க் 2022 ஒக்டோபரில் 4,400 கோடி டொலருக்கு வாங்கியதையடுத்து, எழுத்துத்துறை நண்பர்கள் சிலர் மஸ்டடோன் பக்கம் நகர்ந்தனர். ஜேர்மனியரான ஒய்கன் ரொக்கோ 2016 இல் தொடக்கிய இவ்வலையமைப்புக்கு ஒரே உரிமையாளர் இல்லை. தனித்தனியாக நடத்தப்படும் பல்லாயிரம் வழங்கிகளுள் ஒன்றைத் தெரிவுசெய்தே கணக்கைத் தொடங்க வேண்டும்.

எதில் சேர்ந்தாலும் ஒன்றுதான், பின்னர் மாறிக்கொள்ளலாம் என்று பலரும் ஆறுதல் கூறுகின்றனர். இதனை என்னால் ஏற்க இயலவில்லை. மின்னஞ்சலைப் போன்று வழங்கி கடந்தும் உரையாடலாம் என்பது மெய்யே. ஆனால் வேறு வழங்கிக்கு மாறுகையில் பின்தொடர்வோர் மாத்திரமே உடன் வருவர். எழுதியவை பழைய இடத்திலேயே தங்கிவிடும். அந்த வழங்கி திடீரென மறைந்துவிட்டால் பின்தொடர்வோரையும் அழைத்துச் செல்ல வழியில்லை.

அவ்வாறு நடந்தும் இருக்கின்றது. பால்புதுமையினரின் வழங்கியொன்று ஆப்கானிஸ்தானுக்குரிய 'ஏஎஃப்' முகவரியில் இயங்கியது. 2024 பெப்ரவரியில் தலிபான் நிர்வாகம் அம்முகவரியை முடக்கியது. பெரிய நிறுவனமென்றாலும் உத்தரவாதமில்லை. மொஸில்லா நடத்திய வழங்கி 2024 டிசெம்பரில் மூடப்பட்டது.

2007 ஜூனில் தமிழ்நெற் தளம் இலங்கையில் தடுக்கப்பட்டதையும், 2018, 2019, 2022 ஆம் ஆண்டுகளில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டதையும் அறிந்த நமக்கு, முகவரி எந்நாட்டின் பிடியில் உள்ளது என்பது வீண் ஆராய்ச்சியன்று. ஒரு வழங்கி தடுக்கப்பட்டாலும், அதில் எழுதப்படுபவற்றை வேறு வழங்கியில் இருப்பவர் வாசிக்க இயலும். இந்த அமைப்பின் பலமே அதுதான்.

மஸ்டடோனின் அதிகாரபூர்வப் பட்டியலில் இடம்பெறும் வழங்கிகள், மூடுவதாயின் மூன்று மாதங்களுக்கு முன்னர் அறிவிக்கவும் நாள்தோறும் காப்புப்பிரதி எடுக்கவும் உடன்பட்டவை. முதலில் அங்கே தேடுவதே முறை. நடத்துபவர் யார், செலவை யார் ஏற்கின்றனர், விதிகள் எவை என்பதையும் அறிமுகப் பக்கத்தில் வாசியுங்கள். சில வழங்கிகள், ஏன் சேர விரும்புகின்றீர்கள் என்று கேட்டு, பதிலைப் பார்த்தே அனுமதிக்கின்றன. இதனை அவமதிப்பாகக் கருதுவோர் உளர். வாசகர் கடிதங்களைப் பிரித்துப் படித்துத் தெரிவுசெய்த எனக்கோ அது நல்ல அடையாளமாகவே படுகின்றது.

பத்திரிகையாளருக்கு இன்னுமொன்று. இங்கு அனுப்பும் தனிச்செய்திகள் மறையாக்கம் செய்யப்படுவதில்லை. வழங்கியை நடத்துபவர் நினைத்தால் அவற்றை வாசிக்கலாம். தகவல் தருபவரின் பெயரை அங்கே எழுதாதீர்கள்.