போடியார் வீட்டுப் பிள்ளை

சென்ற மாதம் ஒரு கவிதைத் தொகுதிக்குப் பரிசு கிடைத்தது. எழுதியவர், நிறைய வயற்காணி வைத்திருக்கும் போடியார் வீட்டுப் பிள்ளை. பாடுபொருள் வயற்காரனின் பசி. உடனே ஓர் இதழின் விமர்சகர் கட்டுரையில் தீர்ப்பு எழுதிவிட்டார்: தாக்கத்தி பிடிக்காத கை பசியைப் பாடினால் அது பாசாங்கு. நல்லது. கல்முனை தொட்டுச் சம்மாந்துறை வரை இன்று வேளாண்மை வெட்டுவது மெசின். அந்தக் கணக்கில் அடுத்த பரிசு மெசினுக்குத்தான் போக வேண்டும்.

பிறப்பைப் பார்த்து நேர்மையை அளப்பது நம் முற்போக்காளர் கைவிடாத பழக்கம். அப்படியானால் பிலிப் குணவர்தன எங்கே நிற்பார்? பொரளுகொட வளவின் பிள்ளை, அமெரிக்காவில் படித்தவர், 1935இல் சமசமாஜக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். விவசாய அமைச்சராகி 1958இல் நெற்காணிச் சட்டம் கொண்டுவந்தார்: குத்தகைக்கு வரம்பு, வயற்காரனை நினைத்தபோது எழுப்பவும் முடியாது. அமைச்சரவையில் எதிர்ப்பு வலுத்தது, 1959இல் வெளியேறினார். சட்டமும் நொண்டியது. 'இனி நானே செய்கிறேன்' என்று சொல்லி எத்தனையோ காணிக்காரர்கள் வயற்காரனை வரம்பிலிருந்து இறக்கிவிட்டார்கள். இறங்கியவன் பிலிப்பின் உள்ளம் சுத்தமா என்று கேட்டிருப்பானா? சட்டத்தில் ஓட்டை எங்கே என்றுதான் கேட்டிருப்பான். விமர்சகரும் அதைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

உள்ளத்தை அல்லாஹ் பார்த்துக்கொள்வான்; நாம் பார்க்க வேண்டியது செயலை. மக்கத்துச் செல்வப் பிள்ளை முஸ்அப் இப்னு உமைர் (ரழி) உஹதில் ஷஹீதானபோது கபனுக்குக் கிடைத்தது ஒரு துணி. தலையை மூடினால் கால் தெரிந்தது. குத்பாவில் இதைக் கேட்டுக் கண்கலங்கும் நம் செல்வந்தர்கள் வீடு வந்ததும் மூடைக்கணக்கைத் திறக்கிறார்கள். மழையில் விளைந்ததற்குப் பத்தில் ஒன்று, இறைத்து விளைந்ததற்கு இருபதில் ஒன்று ஸகாத். அதையும் உரம், எண்ணெய், மெசின் கூலி கழித்துத்தான் என்று இழுப்பவர்கள் இருக்கிறார்கள்.

2022 போராட்டத்தின்போது காலிமுகத்திடலுக்குச் சொகுசு வாகனத்தில் போய்க் கோஷமிட்டவர்களையும் அந்தக் கட்டுரை சாடுகிறது. போனது குற்றமா? பெற்றோல் வரிசை கலைந்ததும் திரும்பி வந்தவர் யார், பிறகும் சொத்து வரி வேண்டும் என்று பேசியவர் யார் என்று பிரித்திருந்தால் படித்திருப்போம்.

கூலிக்காரன் வீட்டில் பிறந்து, அரச உத்தியோகம் பெற்று, காணி வாங்கிக் குத்தகைக்கு விட்டு, மேடையில் மட்டும் இன்னும் கூலிக்காரன் மகனாகவே பேசுகிறவரை எவரும் சந்தேகிப்பதில்லை. கேட்க வேண்டியது இதுதான்: பரிசு பெற்றவர் ஏக்கருக்கு எத்தனை மூடை குத்தகை வாங்குகிறார்? அவரும் எழுதட்டும், தீர்ப்பு வழங்கியவரும் எழுதட்டும். அடுத்த இதழில் இருவருக்கும் ஒவ்வொரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.