கேள்விக்குறியைப் பார்க்காதவர்

கேமராவைத் தம் பக்கமே திருப்பிக்கொள்ளும் கலைஞர்களைச் சாடிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாம் முறை, தாம் திட்டுகிற படங்களில் ஒன்றின் முன்னால்கூடக் கட்டுரையாளர் நின்றதில்லை என்பது உறுதியாயிற்று. கேமரா தோலைத்தான் பதியும், மனசைப் பதியாது என்கிறார். ஆகவே அதில் தன்னைத் தேடுவது வெறும் சுயமோகம், செல்ஃபிக்கும் அதற்கும் வேறுபாடில்லை என்கிறார். ரெம்பிராண்ட் நாள்கணக்கில் தன் முகத்தை வரைந்தால் அது தேடல்தானாம். நொடியில் முடிகிற கிளிக் தேடலாகாதாம்.

இந்தக் குற்றப் பட்டியலில் ஜோ ஸ்பென்ஸையும் சேர்த்து, நோயைக் கடைவிரித்தவர் என்று ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போகிறார். அந்த ஒரு வரிக்காகவே இதை எழுதுகிறேன்.

ஸ்பென்ஸ் 1934இல் லண்டனில் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். ஸ்டுடியோ வைத்துக் கல்யாணப் படமும் குடும்பப் படமும் எடுத்துப் பிழைத்தவர். எந்தப் படம் எடுக்கப்படும், எது எடுக்கப்படாது என்பது அந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரியும். நம் வீட்டு ஆல்பத்தையே புரட்டிப் பாருங்கள். காதுகுத்து இருக்கும், கல்யாணம் இருக்கும், வளைகாப்பு இருக்கும். வேலை போய்த் திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா இருக்கமாட்டார். அடுப்படியில் அழுத அம்மா இருக்கமாட்டார். ஸ்பென்ஸ் இதைத் தன் வாழ்க்கையை வைத்தே உடைத்தார். எட்டரை மாதக் குழந்தையாகக் குப்புறப் படுத்திருந்த தன் படத்தை எடுத்து வைத்து, 528 மாதங்கள் கழித்து, அதாவது 44 வயதில், அதேபோல் உடையின்றிப் படுத்து இன்னொரு படம் எடுத்துக்கொண்டார். 1979இல் லண்டன் ஹேவர்ட் கலைக்கூடத்தில் காட்டப்பட்ட 'குடும்ப ஆல்பத்துக்கு அப்பால்' என்ற வரிசையில் அது இருக்கிறது. செல்ஃபி எடுப்பவர் இருபது எடுத்து அழகான ஒன்றை வைத்துக்கொள்வார். எந்த ஸ்டுடியோவும் கிழித்துப் போட்டிருக்கும் படத்தை ஸ்பென்ஸ் சுவரில் மாட்டினார். இதையும் அதையும் ஒன்றென்று சொல்ல எப்படி மனம் வந்தது?

1982இல் அவருக்கு மார்பகப் புற்றுநோய். மருத்துவமனைக் கட்டிலில் இருந்தவரிடம் மாணவர்கள் சூழ ஒரு மருத்துவர் வந்தார். தம்மை யாரென்று சொல்லவில்லை, அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. குறிப்பைப் பார்த்துவிட்டுக் குனிந்து, மார்புக்கு மேலே மையால் ஒரு பெருக்கல் குறி போட்டார். மார்பை முழுவதும் எடுக்கவேண்டும் என்றார்கள். ஸ்பென்ஸ் மறுத்தார், கட்டியை மட்டும் எடுக்கச் சம்மதித்தார். அந்த மறுப்புக்கான தெம்பு எங்கிருந்து வந்தது? மருத்துவமனைக்குப் போகும் முன்பே அவர் ஒரு படம் எடுத்திருந்தார். வெற்று மார்பின் மேல் பேனாவால் எழுதியிருக்கும்: 'ஜோ ஸ்பென்ஸின் சொத்து?' தன் உடம்பின் மேல் தனக்கும் உரிமை உண்டு என்று நினைவூட்ட அந்தப் படத்தைத் தாயத்துபோலக் கையோடு கொண்டுபோனார்.

அந்த வரியின் முடிவில் இருக்கும் கேள்விக்குறியைக் கட்டுரையாளர் பார்க்கவில்லை. சுயமோகி கேள்வி கேட்கமாட்டார். தோலைத்தான் கேமரா பதியும் என்பது உண்மையே. ஸ்பென்ஸின் சண்டையும் அந்தத் தோல் யாருக்குச் சொந்தம் என்பதைப் பற்றியதுதான்.

கிளிக் நொடியில் முடிகிறதே என்ற வாதம் இன்னும் சொத்தை. எண்பதுகளில் ஸ்பென்ஸும் சக கலைஞர் ரோசி மார்ட்டினும் ஒருவரை ஒருவர் மாறி மாறிப் படமெடுத்தார்கள். ஆலைக்குப் போய்வந்த தன் தாயின் கோலத்தைத் தானே பூண்டு கேமரா முன் உட்கார்ந்தார் ஸ்பென்ஸ். தாயைப் பற்றி மனதில் கிடந்த கசப்பை அந்த உடுப்புக்குள் இருந்து பார்த்தார். ஒரு படத்துக்குப் பின்னால் எத்தனை வருடம் நிற்கிறது என்பதை ஷட்டர் வேகத்தை வைத்தா கணக்கிடுவது?

உலகம் எரிகையில் கண்ணாடி முன் நிற்பவர்கள் என்று வேறு எழுதுகிறார். க்ளோத் காஹுன் 1910களிலிருந்து தன்னையே படமெடுத்தவர்: மழித்த தலை, ஆண் உடை, பொம்மை முகம். நாஜிகள் ஜெர்சி தீவைப் பிடித்தபோது, துணைவர் மார்செல் மூருடன் சேர்ந்து, படைவீரர்கள் பைகளில் போருக்கு எதிரான துண்டுத்தாள்களை நுழைத்தவர் இவரே. 1944இல் பிடிபட்டு மரண தண்டனை விதிக்கப்பட்டது; அது நிறைவேற்றப்படவில்லை, 1945 மே மாதம் தீவு விடுதலையானபோது வெளியே வந்தார். அந்த மே மாதப் படம் ஒன்றில் நாஜிக் கழுகுச் சின்னத்தைப் பற்களுக்கிடையில் கடித்துக்கொண்டு நிற்கிறார். யார் தன்னை என்னவென்று சொன்னாலும் அடங்காத பழக்கத்தை முப்பது வருடம் கேமரா முன் பழகியவர் அவர்.

சாமுவேல் ஃபோஸோவையும் சொல்லாமல் விடமுடியாது. பகுதி முடங்கிய உடலோடு பிறந்த பிள்ளைக்குப் படமெடுப்பது காசுக்குக் கேடு என்று அவருடைய அப்பா நினைத்தார். அதனால் கைக்குழந்தையாக அவரைப் படமெடுக்கவே இல்லை. நைஜீரியாவின் பியாஃப்ரா போரில் தப்பி, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் பாங்கி நகருக்கு வந்து, 1975இல் 13 வயதில் ஸ்டுடியோ திறந்தார். பகலில் வாடிக்கையாளர்கள். கடை மூடியபின், ஃபிலிம் சுருளில் மிச்சமிருந்த சட்டங்களில் தன்னை எடுத்துக்கொண்டார். நான் உயிரோடு, நன்றாக இருக்கிறேன் என்று நைஜீரியாவிலிருந்த பாட்டிக்கு அவற்றை அனுப்பினார். இதற்குப் பெயர் சுயமோகமா?

படமெடுக்கப்படும் தகுதி இல்லை என்று ஒதுக்கப்பட்டவர்களும், அடுத்தவர் போட்ட குறிக்கு உடம்பைக் கொடுக்க மறுத்தவர்களும் இவர்கள். வேண்டிய நேரத்திலெல்லாம் பிறரால் மதித்துப் படமெடுக்கப்பட்டவர்களுக்கு இது விளங்காமல் போகலாம். விளங்காததை இழிவுபடுத்த அது அனுமதி ஆகாது.

1992இல் ஸ்பென்ஸ் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். படமெடுக்க உடம்பில் தெம்பில்லாதபோது தன் பழைய படங்களின் மேல் வேறு படங்களைப் பொருத்தி, கடைசிவரை வேலை செய்துகொண்டிருந்தார். கட்டுரையாளர் அந்த ஒரு வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும்.