முதுமைக்கு எழுத்தை மறுக்கலாமா?

“தாளில் படிப்பதே வாசிப்பு, திரையில் படிப்பது வெறும் பொழுதுபோக்கு” என்று மேடைதோறும் முழங்குவோர் பெருகியுள்ளனர். புதுப் புத்தகத்தின் மணத்தை அவர்கள் உருகிப் போற்றுகின்றனர். போற்றட்டும். ஆனால், எழுபதைக் கடந்த ஒருவரின் கண்ணுக்கு அந்தத் தாளில் உள்ள எழுத்து தெரிகிறதா என்று அவர்களுள் எவரேனும் கேட்டதுண்டா?

நாற்பது வயதையொட்டிக் கண்ணின் வில்லை நெகிழ்ச்சியை இழக்கத் தொடங்குகிறது. பின்னாளில் பலருக்குக் கண்புரையும் சேர்ந்துகொள்கிறது. அச்சிட்ட எழுத்தோ அச்சிட்ட அளவிலேயே நிற்கும். மின்னூலில் எழுத்தை வேண்டுமளவு பெரிதாக்கலாம். வரிகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டலாம். மின்மைத் திரை கொண்ட படிப்பான்கள் தாளைப்போலவே புறவொளியில் படிக்கத்தக்கவை. ஆயிரம் பக்க நாவலும் நடுங்கும் கைக்குச் சுமையாவதில்லை.

பழைமைக்காக வாதாடுவோர் சற்றே வரலாற்றை நினைவுகூரட்டும். 1887இல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சேற்றியதால் அக்காப்பியத்தின் பெருமை குன்றிற்றா? ஓலை தாளாயிற்று; நூல் வாழ்ந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்களின் உழைப்பால் பழந்தமிழ் நூல்களை விலையின்றி வழங்கிவருவது அப்பணியின் தொடர்ச்சியே அன்றோ?

மின்னூல் குறையற்றது என்று நாம் சாதிக்கவில்லை. 2009இல் அமேசான் நிறுவனம், பணம் கொடுத்து வாங்கியோரின் கிண்டில் கருவிகளிலிருந்து ஜார்ஜ் ஆர்வெலின் நூல்களைத் தொலைவிலிருந்தே நீக்கியது. வாங்கிய நூல் நமதன்று என்பதை அன்று உலகம் உணர்ந்தது. ஆயினும், நம் முதியோருக்கு நாள்தோறும் நேரும் இடர் வேறு. தமிழ் மின்னூல்களுள் பல, பக்கங்களைப் படமெடுத்த தொகுப்புகளே. அவற்றைப் பெரிதாக்கினால் வரி மடங்குவதில்லை. பக்கத்தை இடமும் வலமுமாக இழுத்து இழுத்தே படிக்கவேண்டும். பத்துப் பக்கங்களுக்குள் கையும் மனமும் சோர்ந்துவிடும்.

அரிய பழம்பதிப்புகளுக்கு வேறு வழியில்லாதிருக்கலாம். கணினியில் எழுத்துக்கோத்த இன்றைய நூலையுமா படமாகத் தருவது? எழுத்துருவாகவே வெளியிடப் பதிப்பாளர்களைத் தடுப்பது எது? அக்கறையின்மை அன்றி வேறென்ன?

பிள்ளைகளும் இப்பழிக்குத் தப்பமுடியாது. விரிசல் விழுந்த பழைய கைப்பேசியைப் பெற்றோரிடம் கொடுத்துவிட்டு, “அப்பாவுக்கு இதெல்லாம் புரியாது” என்று கைகழுவுகின்றனர். எழுத்தளவைக் கூட்டிக் காட்ட ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தைத் தர மனமில்லாதவர்கள், முதியோர் வாசிப்பதில்லையே என வருந்துவது வீண் பேச்சு.

தாளா, திரையா என்னும் வழக்கை இளங்கண்கள் ஓய்வாக நடத்திக்கொள்ளட்டும். மங்கும் கண்களுக்கு இன்றே எழுத்து வேண்டும்.