கல் நட்டாச்சு, அப்புறம்?

வீரனுக்குக் கல் நடுவதில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது. தொல்காப்பியம் அதற்கு ஆறு கட்டம் வகுத்து வைத்திருக்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து. கல்லைத் தேடிப் பார்ப்பதில் ஆரம்பித்து, நீராட்டி, நட்டு, படையல் போட்டு, வாழ்த்துவதில் முடிகிறது. ஏழாவது என்று ஒன்று கிடையாது. வாழ்த்து முடிந்ததும் எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பலாம். செத்தவர் வீட்டு ஆட்கள் மட்டும் எங்கேயும் கிளம்ப முடியாது, அவர்கள் ஏற்கனவே வீட்டில்தான் இருக்கிறார்கள்.

இன்றைக்கும் கட்டங்கள் பெரிதாக மாறவில்லை. தேசியக் கொடி போர்த்திய பெட்டி, துப்பாக்கி மரியாதை, அமைச்சர் கையால் காசோலை, தெருமுனையில் ஃபிளெக்ஸ், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு சினிமா. இதையெல்லாம் நிறுத்துங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. 1999 கார்கில் போரில் பட்டாலிக் பகுதியில் இறந்த மேஜர் சரவணனின் உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. திருச்சியில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும். கல்லோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே குடும்பத்தையும் கல்லாக நிற்கச் சொல்கிறோமே, சண்டை அதோடுதான்.

மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் சோபியான் மாவட்டத்தில் தீவிரவாதிகளுடன் நடந்த மோதலில் உயிரிழந்தார். அடுத்த குடியரசு தினத்தில் அவருடைய மனைவி டெல்லியில் அசோக சக்ராவைப் பெற்றுக்கொண்டார். பத்து வருஷம் கழித்து, 2024 தீபாவளிக்கு ‘அமரன்’ வந்தது. தியேட்டரில் நானும் அழுதேன், நீங்களும் அழுதிருப்பீர்கள். கண்ணைத் துடைத்த கையோடு நம்மில் ஒரு கூட்டம் என்ன செய்தது? அவர் என்ன சாதி, படத்தில் அதை ஏன் காட்டவில்லை என்று இணையத்தில் மல்லுக்கு நின்றது. முகுந்தை இந்தியனாக, தமிழனாகக் காட்டினால் போதும் என்பதே குடும்பத்தின் விருப்பம் என்று இயக்குநர் மேடையேறி விளக்க வேண்டி வந்தது. மகனைக் கொடுத்த வீடு, அவனை எப்படி நினைக்க வேண்டும் என்பதற்கு ஊருக்கு விளக்கம் கொடுத்தது. இதற்குப் பெயர் அஞ்சலியாம்.

அதே 2024 ஜூலையில் நடந்தது இதைவிடக் கேவலம். முந்தைய வருஷம் சியாச்சினில் தீ விபத்தில் சக வீரர்களைக் காப்பாற்றப் போய் உயிரிழந்த ராணுவ மருத்துவர் கேப்டன் அன்ஷுமன் சிங்குக்கு கீர்த்தி சக்ரா கொடுத்தார்கள். கல்யாணமாகி ஐந்து மாதத்தில் கணவனை இழந்த மனைவியும், மகனை இழந்த தாயும் சேர்ந்து போய் வாங்கினார்கள். அந்தப் பெண்ணின் புகைப்படத்துக்குக் கீழே ஆபாசக் கமெண்ட். தேசிய மகளிர் ஆணையமே போலீஸுக்குப் போக வேண்டிய நிலை. சில நாட்களில் பெற்றோர் தரப்பு, மருமகளுக்கு எல்லாம் போகிறது, நெருங்கிய உறவு என்ற விதியை மாற்றுங்கள் என்று பேசியது. அவ்வளவுதான், நாடு முழுக்க நீதிபதிகள் முளைத்துவிட்டார்கள்.

பெற்றோர் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவர்களுக்கு வயசான காலத்தில் ஒரு பிடிமானம் வேண்டும், அது விதியில் எழுதியிருக்க வேண்டும். அது அரசோடு பேச வேண்டிய கணக்கு. நாம் பேசியது வேறு கணக்கு: அந்தப் பெண் இனி எப்படி வாழலாம், எங்கே இருக்கலாம், மறுபடி கல்யாணம் பண்ணலாமா. ஐடி கம்பெனியில் சேர்ந்த முதல் நாளே நானும் நாமினி ஃபாரம் நிரப்பியிருக்கிறேன், இரண்டு நிமிஷ வேலை. நாளைக்கே எனக்கு ஏதாவது ஆனால், அதில் யார் பெயர் இருக்கிறது என்று ஊர் கூடி விவாதிக்காது. சிப்பாயின் ஃபாரம் மட்டும் பொதுச்சொத்து.

இந்தப் புத்தி இணையத்தில் பிறந்தது என்று நினைத்தால் தப்பு. வீர விருது பெற்றவர்களுக்கு மாதாமாதம் ஒரு படி உண்டு, அவர் இறந்தபின் அது மனைவிக்கு வரும. மனைவி மறுமணம் செய்தால்? இறந்தவரின் சகோதரனைக் கட்டிக்கொண்டால் தொடரும், வேறு யாரைக் கட்டினாலும் நின்றுவிடும். இது ஏதோ பாட்டி காலத்துப் பஞ்சாயத்துத் தீர்ப்பு இல்லை, இந்தியப் பாதுகாப்பு அமைச்சகத்தின் விதி. 2017 நவம்பரில்தான் அந்த நிபந்தனையை நீக்கினார்கள். அதுவரை அரசின் பார்வையில் அவள் அந்த வீட்டுச் சொத்து, வீட்டுக்குள்ளேயே கைமாறினால் பிரச்சினை இல்லை.

கல் பேசாது என்பதுதான் கல்லின் வசதி. பேசினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். குர்மெஹர் கௌரின் அப்பா ராணுவ அதிகாரி, 1999இல் காஷ்மீரில் கொல்லப்பட்டவர். குர்மெஹர் அப்போது கைக்குழந்தை மாதிரி. வளர்ந்ததும், தன் அப்பாவைக் கொன்றது பாகிஸ்தான் இல்லை, போர்தான் என்று எழுதிய அட்டையைக் கையில் பிடித்தார். 2017இல் அதற்காக அவரைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். பாலியல் மிரட்டல்கூட வந்தது. இந்தப் பெண்ணின் மனதைக் கெடுப்பது யார் என்று ஒன்றிய அமைச்சர் ஒருவரே கேட்டார். அவர் சொன்னது சரியா தப்பா என்று வாதம் பண்ணுங்கள், தாராளமாக. ஆனால் தியாகியின் மகள் என்று கையெடுத்துக் கும்பிட்ட அதே வாய், தனக்குப் பிடிக்காத ஒரு வரி வந்ததும் எவ்வளவு சீக்கிரம் மாறியது!

“மரியாதை இல்லாமல் போனால் யார் ராணுவத்துக்குப் போவார்கள்? குடும்பமே அந்தப் பெருமையைத்தானே விரும்புகிறது?” என்று கேட்பார்கள். விரும்பட்டும். பெருமைப்படும் தாய்க்கு அந்த உரிமை உண்டு. கோபப்படும் தாய்க்கும் உண்டு, காசோலைக்காகச் சண்டை போடும் தாய்க்கும் உண்டு. நாம் முதல் தாயை மட்டும்தான் படம் எடுக்கிறோம். ஒக்கூர் மாசாத்தியாரின் புறநானூற்றுத் தாயைப் பள்ளிக்கூடத்திலிருந்து மேடை மேடையாக ஏற்றி வைத்திருக்கிறோம்: வீட்டு ஆண்களைப் போரில் இழந்தபிறகும் ஒரே மகனைத் தலைவாரி வேலைக் கொடுத்து அனுப்புகிறவள். அடுத்த நாள் காலையில் அவள் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று எந்தப் பட்டிமன்றமும் கேட்டதில்லை.

இப்போது பாதுகாப்புத் துறை ஓய்வூதியமெல்லாம் ‘ஸ்பர்ஷ்’ என்ற இணைய அமைப்பில் வருகிறது. குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். தான் உயிரோடு இருப்பதை அவள் அரசுக்கு நிரூபிக்கிறாள். ஊருக்கோ நேர்மாறாக நிரூபித்தாக வேண்டும்: சிரிக்கவில்லை, நல்ல புடவை கட்டவில்லை, யாரையும் நினைக்கவில்லை, அரசியல் பேசவில்லை.

உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தால், உங்களால் முடிந்தது சின்னதுதான். அந்தச் சான்றை ஆன்லைனில் ஏற்ற ஒரு மணி நேரம் உட்காருங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குத் துணைக்குப் போய்வாருங்கள். டிசம்பர் 7 கொடிநாளுக்கு உண்டியலில் போடும் பத்து ரூபாயைவிட அது உருப்படியான வேலை. அவள் ஒருநாள் கல்யாணப் பத்திரிகையோடு வந்து நின்றால், “அவர் ஆத்மா என்ன நினைக்கும்” என்று ஆரம்பிக்காதீர்கள். தேதியைக் குறித்துக்கொண்டு, குடும்பத்தோடு போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.